வீடு போயிடுச்சு

ஏழு மாதத்தில் ஒரே பொய்யை முப்பது தடவைக்கு மேல் சொல்லியிருந்தார் குணாளன்.

"வீடு போயிடுச்சு தம்பி. நேத்துதான் வேற ஒருத்தர் எடுத்துட்டாரு."

மலாய் நாட்டுக் கிள்ளான் நகரில் திலகா நடத்திவந்த வீட்டு ஏஜென்சியில் அவருக்கு வேலை. துறைமுக அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது ஐம்பத்தாறு. திலகாவுக்கு நாற்பத்தொன்றுதான். ஆனாலும் புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் திலகா என்பதால், எல்லோரையும் போல அவரும் டீச்சர் என்றே கூப்பிட்டார். திலகா அவரை அண்ணே என்பார்.

வாடகைக்கு விடுகிறவர்களில் சிலர் இந்தியர் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள். போடக் கூச்சப்படுகிறவர்கள் ஏஜெண்டிடம் போனில் சொல்வார்கள். இதைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டும் என்று திலகாவும் இரண்டு வழக்கறிஞர்களும் இன்னும் சில ஏஜெண்டுகளும் நான்கு வருடமாக அலைந்துகொண்டிருந்தார்கள். திலகாவின் மேசையில் அதற்கென்றே ஒரு ஃபைல் இருந்தது. யார் கேட்டார், எந்த வீடு, வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை என்ன, எந்தத் தேதி, எல்லாம் அதில் இருக்கும்.

குணாளன் எழுதிக் கொடுத்த தாள் ஒன்றுகூட அதில் இல்லை. அவருடைய நோட்டில் எல்லா இடத்திலும் ஒரே வரிதான். வீடு போய்விட்டது.

நவநீதன் வந்தது அப்படி ஒரு சமயத்தில். மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். விழுந்து எழுந்தவர்களை நடக்கவைக்கிற வேலை. குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்றுவிட்டார். மனைவி கஸ்தூரிக்கு ஏழாம் மாதம். பிள்ளை பிறப்பதற்குள் ஒரு வீடு வேண்டும்.

முதல் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டதும் வேண்டாம் என்றார். இரண்டாமவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை, என்ன இனம் என்று மட்டும் கேட்டார். மூன்றாமவர் கோ என்ற சீனர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருடைய மூன்று வீடுகள் திலகாவின் ஏஜென்சியில் இருந்தன. எப்போதும் தன்மையாகப் பேசுகிறவர்.

"இந்தியரா? வேண்டாம் குணா. அந்த மசாலா வாடை சுவரை விட்டுப் போகாது. உனக்குத் தெரியாததா?"

குணாளன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"உன்னைச் சொல்லலை குணா. நீ வேற மாதிரி."

குணாளன் சிரித்தார். போனை வைத்த பிறகு, ஏன் சிரித்தோம் என்று நினைத்துப் பார்த்தார்.  பிறகு நவநீதனைக் கூப்பிட்டு, வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார்.

நான்கு நாள் கழித்து நவநீதன் நேரிலேயே வந்தான். சட்டம் கேட்டு ஃபைலோடு அரசாங்க அலுவலகத்துக்குப் போயிருந்தார் திலகா. அவன் பையிலிருந்து தாள்களை எடுத்து வரிசையாக மேசைமேல் வைத்தான். சம்பளச் சீட்டு. பழைய வீட்டுக்காரர் கொடுத்த நற்சான்று. கடைசியாக ஒரு போட்டோ.

"இது என்னா தம்பி?"

"எங்க அடுப்புக்குப் பின்னால இருக்கிற சுவருண்ணே. ஒரு எண்ணெய்ப் பொட்டு இருக்கா பாருங்க. ஆறு வருஷம் சமைச்ச சுவரு."

குணாளன் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"வீடு பாக்கப் போறப்பல்லாம் திருநீற கார்லயே தொடச்சிட்டுத்தான் இறங்குறேன். கஸ்தூரி ஒரு மாசமா தாளிக்கிறதே இல்ல, துணியில வாடை ஏறிடுமாம். வாயும் வயிறுமா இருக்கிறவ, ரொட்டியும் சூப்பும் சாப்பிடுறா. இன்னும் என்னா செய்யணும்ணே? எங்ககிட்ட என்னா குறை? நீங்க சொன்னா திருத்திக்கிறோம்."

"உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல தம்பி. நேரம் சரியில்ல, அவ்வளவுதான்."

நவநீதன் தாள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

சற்று நேரத்தில் திலகா உள்ளே வந்தார். கைப்பையை நாற்காலியில் வீசினார். குணாளன் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"போன காரியம் என்னாச்சு டீச்சர்?"

"ஆபீசர் நம்ம ஃபைலை முழுசா புரட்டினாரு. நாலு வருஷத்து வேலை. கடைசியில என்னா கேட்டாரு தெரியுமா? உங்க ஏஜென்சியில அஞ்சு ஏஜெண்டு, அதுல ஒருத்தருக்கு ஏழு மாசமா ஒண்ணுகூட நடக்கலையே, அப்புறம் எப்படி இதைப் பெரிய பிரச்சினைன்னு சொல்றீங்க? சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. டீ வேற குடுத்தாரு."

அந்த ஒருத்தர் யார் என்று திலகா சொல்லவில்லை.

குணாளன் எழுந்து நின்றுவிட்டார். முப்பது பேருக்குச் சொன்ன பொய்யையும் அந்த இடத்திலேயே சொல்லி முடித்தார். கோ சொன்னதைச் சொன்னார். தான் சிரித்ததையும், சற்றுமுன் நவநீதன் வந்து கேட்டுவிட்டுப் போனதையும் சொன்னார். பிறகு கேட்டார்:

"உங்க இனத்துக்கு வீடு இல்லைன்னு ஒரு மனுஷன் முகத்தைப் பாத்து எப்படி டீச்சர் சொல்றது? அந்தத் தம்பி தாங்குமா?"

திலகா ஜன்னல் பக்கம் போய் கீழே பார்த்தார்.

"நவநீதனும் அவரு மனைவியும் இன்னும் கார்லதான் உக்காந்திருக்காங்க. வாங்க."

காரின் கண்ணாடிகள் இறக்கியிருந்தன. பின்சீட்டில் கஸ்தூரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வயிற்றைப் பார்த்தால் வீட்டுக்காரர்கள், குழந்தை அழும், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று அவள் எங்கேயும் காரை விட்டு இறங்குவதில்லை. அது குணாளனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தம்பி, அந்த வீடு போகலை" என்றார் குணாளன். "மூணு வீடும் போகலை. இந்தியர் வேண்டாம்னுதான் மூணு பேரும் சொன்னாங்க. மூணாவது ஆளு, மசாலா வாடை சுவரை விட்டுப் போகாதுன்னாரு. நான்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

நவநீதன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். அழுவான் என்று குணாளன் நினைத்தார். அவன் அழவில்லை.

"எத்தனை நாளா தெரியும்?"

"முதல் வீட்டிலேருந்தே."

"முதல் வீட்டிலேருந்தே!" அவன் கார்க் கதவை ஓங்கிச் சாத்தினான். "ராத்திரியெல்லாம் உக்காந்து பேசினோம்ணே. நான் அதிகமா பேசிட்டேனா, இவ கார்லயே உக்காந்திருந்ததுதான் தப்பா, சட்டை சரியில்லையான்னு. என்னாலதான் வீடு கிடைக்கலன்னு இவ அழுதா. இவளாலதான்னு ஒருநாள் நான் ஏசிட்டேன். புள்ளத்தாச்சிய ஏசினேன்ணே! இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, இப்பத்தான் மேல உக்காந்து, நேரம் சரியில்லன்னு சொன்னீங்க?"

குணாளன் தலையைக் குனிந்துகொண்டார்.

கஸ்தூரி கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். அவள் குணாளனைப் பார்க்கவே இல்லை. திலகாவிடம் கேட்டாள்:

"அக்கா, அந்த மூணாவது வீட்டுக்காரரு எங்க இருக்காரு?"

"பக்கத்துலதான். பாக்கணுமா?"

"பாக்கணும்."

நான்கு பேரும் திலகாவின் காரில் போனார்கள். கோ வாசலில் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். திலகாவைக் கண்டதும் சிரித்தபடி மதில் கதவுக்கு வந்தார். பின்னால் வந்தவர்களைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

திலகா மலாயில் பேசினார். "மிஸ்டர் கோ, இவர் நவநீதன், இவங்க அவர் மனைவி. உங்க வீட்டைக் கேட்டவங்க. உங்க பதிலை நீங்களே சொன்னா நல்லது."

கோ நவநீதனைப் பார்த்தார். கஸ்தூரியின் வயிற்றைப் பார்த்தார். செடியைப் பார்த்தார்.

"மன்னிக்கணும். வீடு போயிடுச்சு."

"யாருக்குப் போச்சு? சாவி என்கிட்டதானே இருக்கு?"

 கஸ்தூரி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"என் சமையல் வாடை சுவரை விட்டுப் போகாதுன்னு சொன்னது நீங்களா ஐயா? இல்ல, இவரா சேத்துச் சொன்னதா?"

"நான் உங்களை ஒண்ணும் சொல்லலையே. பொதுவாத்தான்..." கோவின் முகம் சிவந்துபோயிற்று. அவர் சட்டென்று குணாளன் பக்கம் திரும்பினார். "குணா, இதெல்லாம் என் வாசலுக்கு வராம பாத்துக்கத்தானே நீ இருக்க?"

குணாளன் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். தேதி போட்டார்.

"என்ன எழுதுற?"

"நீங்க இப்ப சொன்னதை சார். நாலு நாளைக்கு முன்னால போன்ல சொன்னதையும் எழுதிக்கிறேன்."

கோ மூன்று வீடுகளையும் ஏஜென்சியிலிருந்து எடுத்துக்கொள்வேன் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் திலகா மூன்று சாவிகளையும் மதில்மேல் வைத்துவிட்டார். கோ யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் கஸ்தூரி, "எனக்குப் புளிக்குழம்பு வேணும். இன்னைக்கே வேணும்" என்றாள். நவநீதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

பத்து நாளில் காப்பார் பக்கம் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஓர் ஆசிரியையின் வீடு. மருத்துவமனைக்குப் போய்வர இரண்டு மடங்கு தூரம். ஆனால் அந்த அம்மாள் எப்போது குடிவருகிறீர்கள் என்று மட்டும்தான் கேட்டார். நவநீதன் அலுவலகத்துக்கு வந்து திலகாவுக்கு நன்றி சொன்னான். குணாளன் எழுந்து கையை நீட்டினார். அவன் அதைப் பார்த்துவிட்டு, கும்பிட்டதாகவும் இல்லாமல் கும்பிடாததாகவும் இல்லாமல் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு குணாளன் ஒரு வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. பழைய நோட்டை வைத்துக்கொண்டு, கேட்டவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். சிலர் ஏசினார்கள்.  முப்பத்தொரு தாள் எழுதி, திலகாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். ஆனால் போகாமல் அங்கேயே நின்றார்.

"என்னா அண்ணே?"

"ஒண்ணு மட்டும் மனசுக்குள்ள அறுத்துக்கிட்டே இருக்கு டீச்சர். கோ வாசல்ல நவநீதன் ஒரு வார்த்தை பேசல. ஏசினதெல்லாம் என்னையத்தான். வீடு இல்லைன்னவனை விட்டுட்டாரு. பொய் சொன்னது தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா நான் யாரையும் புண்படுத்தணும்னு செய்யலையே? அவங்களைக் காப்பாத்தத்தானே செஞ்சேன்?"

திலகா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முப்பத்தொன்றையும் படித்து முடிக்கும் வரை நிமிரவில்லை.

"இதுல எத்தனை பேரு, எங்ககிட்ட என்னா குறைன்னு உங்ககிட்ட திரும்பி வந்து கேட்டாங்க?"

குணாளன் யோசித்தார். முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"பதினாலு பேரு இருக்கும் டீச்சர்."

"வீட்டுக்காரங்க எத்தனை பேரு, எங்ககிட்ட என்னா குறைன்னு கேட்டாங்க?"

"ஒருத்தர்கூட இல்ல" என்றார் குணாளன். தான் காப்பாற்றியது யாரை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.