கேட்டவருக்கெல்லாம் ஒரு துண்டுப் பவளம்

தூத்துக்குடியில் எந்தத் தெருவிலிருந்தும் கொஞ்ச தூரம் நடந்தால் கடல் வந்துவிடும். அப்படியிருக்க வீட்டுக்குள் இன்னொரு கடல் எதற்கு என்று ஐயம்பெருமாளின் மனைவி கேட்டாள். அவர் மருந்துக்கடைக்காரர். எதைக் கேட்டாலும் அலமாரியிலிருந்து எடுத்து நீட்டித்தான் பழக்கம். இதற்கு மட்டும் அவரிடம் பதில் ஸ்டாக் இல்லை.

இந்த வினை ஆரம்பித்தது பெர்பெத்துவா டீச்சர் வீட்டில். டீச்சர் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர், ஐயம்பெருமாளைவிட வயதில் இளையவர். அவருடைய அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கப் போன ஐயம்பெருமாள், முன்னறையில் இருந்த கண்ணாடித் தொட்டியைப் பார்த்தார். மாத்திரை கையிலேயே இருந்தது.

"இது செடியா, பூவா டீச்சர்?"

"ரெண்டும் இல்ல அண்ணாச்சி. பவளம்."

"பவளம்னா கல்லுல்லா?"

"எல்லாப் பவளமும் கல்லாகாது. இது மெத்துன்னு இருக்கும். உசுரு இருக்கு, பசி இருக்கு."

பெரிய காளான் மாதிரி விரிந்திருந்தது அது. மேலெல்லாம் குட்டிக் குட்டி விரல்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமே அத்தனை விரல்களும் சாய்ந்தன. பக்கத்தில் பச்சையும் சிவப்புமாகக் கடல்பாசி அசைந்துகொண்டிருந்தது. ஐயம்பெருமாளுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்கும் சொல்லித் தருவீங்களா?"

"கேள்வி எத்தனை வேணாலும் கேளுங்க. பதில் என்னைக்கு வரும்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் டீச்சர்.

இப்படித்தான் ஐயம்பெருமாள் தன் மாடி வீட்டில் தொட்டி வைத்தார். உப்புத் தண்ணீரும் நாலு பாறைத் துண்டுகளும் ஒரு மோட்டாரும்தான் உள்ளே. வெறும் தண்ணீருக்கு லைட் போட்டுப் பார்க்கிற மனுஷனை மனைவி அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"எப்ப டீச்சர் ஏதாவது விடலாம்?"

"தண்ணி இன்னும் பழகல."

"எதுக்குப் பழகணும்?"

டீச்சர் சிரித்ததோடு சரி. ஐயம்பெருமாள் தினமும் போய்த் தண்ணீரைப் பார்த்தார். வெயிலில் மட்டம் இறங்கியபோது கடல் தண்ணீர் ஊற்றி நிரப்பினார். அதற்குத் திட்டு வாங்கினார். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே கிடக்கும், அதனால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று டீச்சர் சொன்னதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை காலம் கடலோரத்தில் இருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னார். அதை உப்பளக்காரரிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாரே என்றாள் அவள்.

தண்ணீர் பழகிய பிறகு டீச்சர் முதலில் கொடுத்தது பாசி. சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி ஒரு கைப்பிடி. அது தண்ணீரில் சேரும் கழிவைத் தின்று வளரும். வாரம் ஒரு முறை பாதியை அள்ளி வெளியே எடுத்துவிட வேண்டும். ஐயம்பெருமாளுக்கு மனசு வரவில்லை. தான் வளர்த்தது தளதளவென்று இருக்கும்போது யாருக்குத்தான் அள்ளிப் போடத் தோன்றும்? ஒருநாள் தொட்டியிலிருந்து வாடை வந்தது. டீச்சர் வந்து கையை விட்டுப் பாசியைப் பிரித்துக் காட்டினார். வெளியே பச்சை, நடுவில் அழுகல்.

"நான் ஒண்ணும் பண்ணலியே டீச்சர்!"

"ஆமா அண்ணாச்சி, ஒண்ணும் பண்ணல" என்று சொல்லிவிட்டு டீச்சர் பாதியை அள்ளி வாளியில் போட்டார். கீழ்வீட்டுத் தென்னை மரத்துக்கு அது நல்ல உரமாயிற்று.

பிறகு பவளம். டீச்சர் தன் தொட்டிக்குள் கத்தரியை விட்டு அந்தப் பெரிய காளானின் ஓரத்தை நறுக்கென்று வெட்டினார். தன் காதை வெட்டியது போல ஐயம்பெருமாள் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அத்தனை விரல்களும் உள்ளே போய், அது ஈரத் தோல் மாதிரி சுருங்கிக் கிடந்தது.

"பாவம் டீச்சர்."

"விரிஞ்சிரும்." வெட்டிய துண்டை ஒரு சின்னக் கல்லின் மேல் வைத்து வலைத்துணியால் கட்டினார். "இது கடல்ல எடுத்தது இல்ல. தொட்டியிலயே பிறந்தது. இந்தாங்க."

"இதுக்கு நான் என்ன தரணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். வளந்த பிறகு யாராவது கேட்டா நீங்க குடுங்க."

ஐயம்பெருமாள் தலையாட்டினார். வாங்கும்போது எல்லாரும் நன்றாகத்தான் தலையாட்டுவோம்.

துண்டு கல்லைப் பிடித்துக்கொண்டது. சுண்டுவிரல் அளவு இருந்தது உள்ளங்கை அளவாகி, அப்புறம் சாப்பாட்டுத் தட்டு அளவானது. நடுவில் சில நாட்கள் சுருங்கிக்கொண்டு மெழுகு போலத் தோல் உரிக்கும். அந்த நாட்களில் அவருக்கும் சோறு இறங்காது. மறுபடி விரியும்போது கடையில் சில்லறை இல்லை என்று யாரையும் கடிந்துகொள்ள மாட்டார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பிச்சையா, டீச்சரிடம் பாசி வாங்கித் தொட்டி வைத்திருந்தவர். ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எனக்கு ஒரு துண்டு?" என்றார்.

"இப்பதான் தோலு உரிச்சிருக்கு."

அடுத்த தடவை, "வெயிலு ஜாஸ்தியா இருக்குல்லா" என்றார் ஐயம்பெருமாள். அதற்கடுத்த தடவை பிச்சையா பார்த்து ரசித்தார், காபி குடித்தார், கேட்கவில்லை. அவர் கேட்காமல் போனது ஐயம்பெருமாளுக்கு உறுத்தியது. ஆனாலும் கத்தரியை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக்குப் போனார். அங்கே டீச்சர் யாரோ ஒரு பெண்ணுக்கு ஒரு துண்டை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு அருமையா வளத்துட்டு, வாரவங்க போறவங்களுக்கெல்லாம் எப்படி வெட்டிக் குடுக்கீங்க? உங்களுக்கு வலிக்கலியா?"

"நல்ல கேள்வி" என்றார் டீச்சர். வலைத்துணியில் அடுத்த முடிச்சைப் போட்டார்.

அந்த வருஷம் மழை பேய்மழையாக வந்தது. குளங்கள் உடைந்து ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. கரண்ட் போயிற்று. ஐயம்பெருமாள் இன்சுலின் கெட்டுப்போகாமல் இருக்கக் கடைக்கு வாங்கி வைத்திருந்த ஜெனரேட்டரை முன்கூட்டியே மாடிக்கு ஏற்றியிருந்தார். இன்சுலினோடு பவளமும் பிழைத்தது.

தண்ணீர் வடிந்ததும் ஐயம்பெருமாள் டீச்சர் வீட்டுக்கு ஓடினார். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. தொட்டித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, மூக்கை வைக்க முடியவில்லை. டீச்சர் மக்கில் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. பெரிய காளான் இருந்த பாறையில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ஐயம்பெருமாளுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

"நீங்க குடுத்தீங்களே, அவங்க வீட்டுல எல்லாம்?"

"கேட்டுட்டேன் அண்ணாச்சி. எல்லாம் இந்தத் தெருவும் பக்கத்துத் தெருவும்தான். ஒண்ணும் மிஞ்சல." டீச்சர் மக்கைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுல?"

மிச்சமிருப்பது தன் மாடியில் இருக்கிற ஒன்றுதான் என்று அந்த ஒரு நொடியில் ஐயம்பெருமாளுக்கு உறைத்தது. டீசல் தீர்ந்திருந்தால்? மோட்டார் நின்றிருந்தால்? இனி நாளைக்கே நின்றுவிட்டால்?

"இருக்கு டீச்சர். வாங்க, முழுசா எடுத்துக்கிடுங்க. உங்களோடதுதான்."

டீச்சர் வந்தார். மாடியில் அது தட்டகலத்துக்கு விரிந்து, எல்லா விரல்களையும் நீட்டி ஆடிக்கொண்டிருந்தது. டீச்சர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். அப்புறம் பையிலிருந்து கத்தரியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"எனக்கு ஒரு துண்டு போதும்."

"நானா?"

"உங்க தொட்டிதான?"

ஐயம்பெருமாள் கடைக் கையுறையை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். பவளம் சுருங்கியது. துண்டு அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அதைக் கல்லில் வைத்துக் கட்டும்போது டீச்சர் உதவவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

துண்டு கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிச்சையாவின் வீடு கரைமேட்டில் இருக்கிறது, அங்கே வெள்ளம் ஏறவே இல்லை என்பது அப்போதுதான் ஐயம்பெருமாளுக்கு நினைவு வந்தது.

அவர் துண்டைக் கண்ணாடி ஜாடியில் போட்டுக் கொடுத்தார்.

"இத்தன வருஷம் வச்சிருந்தீங்க. ஒரே ராத்திரியில போயிருச்சே டீச்சர்."

டீச்சர் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இத்தன வருஷமும் நான் அத எங்க வச்சிருந்தேன்னு நெனச்சீங்க, அண்ணாச்சி?"

ஐயம்பெருமாள் கத்தரியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னொரு கல்லைத் தேடி எடுத்தார்.