மகாராஜாவுக்குக் காட்டிய தண்ணீர்

முன்னொரு காலத்தில், கும்பிடு போடத் தெரிந்தவனெல்லாம் அறிவாளி என்று பெயர் வாங்கிய காலத்தில், ஒரு ராஜா இருந்தார். அவருடைய தலைநகரம் கல்யாண விருந்து தின்றவன் வயிறு போல வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போனது. நாற்பது தெரு புதிதாக முளைத்தும், ஊருக்கு இருந்தது பழைய குளம் ஒன்றுதான். அதில்தான் எருமை குளித்தது. அதையேதான் ஜனங்களும் குடித்தார்கள். அரண்மனைக்கு மட்டும் மலைச்சுனையிலிருந்து தனி வாய்க்கால்.

அரசவை விகடகவி சுருளாண்டியின் வீடு குளக்கரைத் தெருவில் இருந்தது. நாலு நாளாக அவன் மகளுக்கு வயிற்றுப்போக்கு. சபையைச் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவனுக்கு அழுகைதான் வந்தது. குளத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி, நீர்க்காவல் அதிகாரி வல்லபராயரிடம் மூன்று முறை முறையிட்டான். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ராயரோ, குளத்து நீர் தேவாமிர்தம் என்று ராஜாவிடம் சொல்லி வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ராஜாவுக்கு ஓர் ஆசை பிறந்தது. அயல்நாட்டுத் தூதர் வருகிறார், அவர் முன்னால் பெருமையடிக்க வேண்டும்.

"எம் பொற்குவளை நீரும் கடைசித் தெருக் குடிசையின் நீரும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மூன்று நாள் அவகாசம். செய்து முடிப்பவர் யார்?"

சுருளாண்டி மேல் ராயருக்குப் பல நாள் பொறாமை. அவனால் ஆகாத காரியம் உண்டா, தவறினால் நாடு கடத்திவிடலாம் என்று ராஜாவிடம் அவனைக் கோத்துவிட்டார்.

"ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே மகாராஜா?" என்று கேட்ட சுருளாண்டி, அதை ஓலையில் எழுதி முத்திரையும் வாங்கிக்கொண்டான்.

இரண்டு நாள் ஒரு மண்வெட்டிகூட அசையவில்லை. ராயர் சந்தோஷத்தில் இரட்டை வெற்றிலை போட்டார். மூன்றாம் நாள் காலை, சுருளாண்டி அரண்மனை மடைப்பள்ளிக்குப் போய் ஓலையைக் காட்டினான். பானைகளைக் கவிழ்த்தான். குளத்து நீரைக் கொண்டுவந்து நிரப்பினான்.

சபையில் தூதர் முன் பொற்குவளையும் மண்குவளையும் வந்தன. இரண்டிலும் ஒரே பச்சை, ஒரே நாற்றம். இரண்டிலும் புழு நெளிந்தது. பொற்குவளைப் புழு மட்டும் கொஞ்சம் மிடுக்காக நீந்தியது. தூதர் முகத்தையே பெருமையோடு பார்த்தபடி ராஜா வாயருகே கொண்டுபோன குவளையைச் சுருளாண்டி பாய்ந்து பிடித்தான்.

"பார்த்தால் போதும் மகாராஜா, குடிக்க வேண்டாம். குடிசை நீரை அரண்மனை நீராக்க வாய்க்கால் வேண்டும். அரண்மனை நீரைக் குடிசை நீராக்க நாலு குடம் போதும். இதைத்தான் என் மகள் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள்."

ராஜா குவளையை ராயர் பக்கம் நீட்டி, தேவாமிர்தம் அருந்தும்படி உபசரித்தார். தமக்கு அன்று ஏகாதசி விரதம் என்றார் ராயர். அன்று பௌர்ணமி.

முதலில் தூதர் சிரித்தார். பிறகு ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். சுனை வாய்க்கால் இனி நாற்பது தெருவுக்கும் போய்விட்டுத்தான் அரண்மனைக்கு வர வேண்டும், தெருத் தண்ணீரைத் தினமும் முதலில் ராயர் குடித்துக் காட்ட வேண்டும் என்று அங்கேயே ஆணையிட்டார். தம் கழுத்து முத்துமாலையைச் சுருளாண்டிக்குப் போட்டார்.

"எமக்கே தண்ணி காட்டிவிட்டாயே, சுருளாண்டி!"

"காட்டத்தான் செய்தேன் மகாராஜா. குடித்ததெல்லாம் நாங்கள்தான்."