பேச்சிக்கு விழுந்த கூறு

முன்னொரு காலத்திலே, கடல் இத்தனை உப்பாய்க் கரிக்காத காலத்திலே, முத்தரசபுரம் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ராஜ்ஜியம் என்றால் ராஜா இருப்பார். இருந்தார். ஆனால் அவருக்குத் தூக்கம் அதிகம், அதனால் அவரை எழுப்ப வேண்டாம். நம் கதை கடற்கரையில் நடக்கிறது.

அந்தக் கரையில் உலகம்மை, பேச்சி என்று இரண்டு சிநேகிதிகள். உலகம்மை ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி, விடமாட்டாள். பேச்சி வாயைத் திறந்தால் மூடமாட்டாள். இருவருக்கும் சேர்ந்து ஒரே ஒரு கட்டுமரம், ஒரே ஒரு வலை. பெண்கள் கடலுக்குப் போகலாமா என்று கேட்காதீர்கள். அந்தக் கரையில் போனார்கள். கடலே ஒன்றும் சொல்லவில்லை, நமக்கென்ன?

ஒருநாள் பேச்சியின் அக்காளுக்குக் குழந்தை பிறந்தது. அழகான பெண் குழந்தை. ஆனால் தாய்க்குப் பால் ஊறவில்லை. குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போனது. மருத்துவச்சி வந்து பார்த்தாள். "பால்சுறா வாங்கிப் புட்டு செஞ்சு குடுங்க, ஊறிரும்" என்றாள்.

மறுநாள் விடிவெள்ளி கிளம்பியதும் இருவரும் கரைக்கு வந்துவிட்டார்கள்.

"ஏட்டி உலகு, சுறா கிடைக்காம நான் கரையேற மாட்டேன்" என்றாள் பேச்சி.

"நீ ஏறலேன்னா நானும் ஏறல. பேசாம மரத்தைத் தள்ளு."

பேச்சி பேசிக்கொண்டே தள்ளினாள்.

கரைக்காற்று பின்னாலிருந்து தள்ள, கட்டுமரம் அலை தாண்டி ஆழத்துக்குப் போனது. முதல் முறை வலை வீசினார்கள், பாசி வந்தது. இரண்டாம் முறை வீசினார்கள், கோபக்கார நண்டு ஒன்று வந்து பேச்சியின் விரலைக் கடித்துவிட்டுப் போனது. மூன்றாம் முறை வீசினார்கள், வலை மட்டும் வந்தது. கிழக்கே சூரியன் முழுசாய் எழுந்துவிட்டான், மரத்தில் ஒரு மீன்கூட இல்லை.

கடலில் மீன் இல்லாமல் எங்கே போகும்? எல்லா மீனும் ஓரிடத்துக்குப் போயிருந்தன. இருவரும் தேடித் துடுப்பு வலித்துப் போனார்கள்: நடுக்கடலில் ஒரு பாறைத்திட்டு. போன வாரம் அது அங்கே கிடையாது! அதைச் சுற்றிப் பொன்னிறத்தில் மிதப்புகள் ஆடின. மிதப்புகளுக்குக் கீழே பெரிய வலை. வலைக்குள் சாளை, நகரை, பாரை, வஞ்சிரம் என்று கொள்ளாத மீன். வலையின் ஓரத்தில், கைக்கெட்டும் தூரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு பால்சுறா.

"ஏட்டி, பாரேன்! ஒண்ணே ஒண்ணு எடுத்தா வலைக்காரனுக்குக் குறைஞ்சா போவும்?"

"அடுத்தவன் வலையில கை வைக்காதட்டி!"

உலகம்மை சொல்லி வாய் மூடவில்லை. பேச்சியின் கை வலைக்குள் போய்விட்டது. பளீரென்று ஒரு வெளிச்சம். பேச்சியைக் காணோம். அவள் தலையில் கட்டியிருந்த துண்டு தண்ணீரில் மிதந்தது. விரல் நீளத்தில் ஒரு சாளை துள்ளி வலைக்குள் விழுந்து, ஆயிரம் சாளையோடு கலந்துபோனது.

உலகம்மை அந்தத் துண்டை எட்டிப் பிடித்தாள். "பேச்சி!" என்று கத்தினாள். எந்த நேரமும் பதில் சொல்கிறவள் அன்று பதில் சொல்லவில்லை.

பாறை மேலிருந்து ஹஹ்ஹா என்று சிரிப்பு வந்தது. கறுத்து நெட்டையாய் ஒருவன் நின்றான். தாடியில் சிப்பி ஒட்டியிருந்தது. அவன்தான் வலைமாயன். கடலிலுள்ள மீனையெல்லாம் மந்திரம் சொல்லி வலைக்குள் இழுக்கிற மாயக்காரன்.

"என் வலையைத் தொட்டவ என் மீன்! நீ வீட்டுக்குப் போ பிள்ள!"

"அவ இல்லாம போகமாட்டேன்" என்றாள் உலகம்மை.

மாயன் வாயைக் குவித்து ஊதினான். பனை உயரத்துக்கு ஓர் அலை வந்து கட்டுமரத்தைப் புரட்டியது. உலகம்மை மரத்தைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போகமாட்டேன்." அவன் கையைத் தட்டினான். புலிச்சுறாக்கள் வந்து சுற்றின. துடுப்பால் ஒன்றின் மூக்கில் ஓங்கி ஒரு போடு போட்டாள். "போகமாட்டேன்." அவன் கண்ணை மூடித் திறந்தான். அடர்த்தியாய் மூடுபனி இறங்கி, கரை எந்தத் திசை என்றே தெரியாமல் போனது. "கரை தெரியாட்டா இன்னும் நல்லது. இங்கேயே இருக்கேன்" என்றாள் உலகம்மை.

மாயனுக்கு அலுத்துப்போனது. அவனுக்கு வேறு வேலை இருந்தது. வலைக் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான். முக்கினான், முனகினான். வலை ஒரு முழம்கூட ஏறவில்லை. மந்திரத்துக்கு மீன் வரும். ஆனால் கயிறு மந்திரத்துக்கு வராது, அதற்குக் கைதான் வேண்டும். முன்பெல்லாம் கூலிக்கு ஆள் வந்தார்கள். வந்தவர் யாருக்கும் அவன் ஒரு மீன்கூடக் கொடுக்காததால் பிறகு ஒருவரும் வருவதில்லை. கஞ்சனுக்கு எத்தனை மந்திரம் தெரிந்து என்ன பயன், சொல்லுங்கள்?

பாறை கிட்டத்திலேயே இருந்ததால் மூடுபனியிலும் உலகம்மை இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யோசித்தாள். பிறகு மூடுபனிக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி!"

வலைமாயனை அதுவரை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. திரும்பிப் பார்த்தான்.

"ஒத்தக் கையால வலை ஏறுமா? நானும் ஒரு கை பிடிக்கேன். ஆனா எங்க கரை வழக்கப்படி பங்கு வேணும்."

"என்ன வழக்கம்?"

"இழுத்தவங்க ரெண்டு பேரு, கூறு ரெண்டு. கூறு போடுதது நீங்க. நான் முதுகைக் காட்டி நிப்பேன். நீங்க ஒரு கூறைத் தொட்டு 'இது யாருக்கு?'ன்னு கேக்கணும், நான் பேரு சொல்லணும். யாரு பேரைச் சொல்லுதேனோ அவங்க கையில அந்தக் கூறைக் குடுத்துரணும். கடல் தண்ணியை அள்ளிச் சத்தியம் பண்ணுங்க."

மாயன் தாடியைத் தடவினான். 'இந்தப் பிள்ளை பார்க்காமல் பேர் சொல்லப் போகிறாள். சிநேகிதி எந்தக் கூறில் கிடக்கிறாள் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? அப்படியே சரியாய்ச் சொன்னாலும் இவளுக்குக் கிடைப்பது ஒரு சாளைமீன். குழம்பு வைத்துக்கொள்ளட்டும்' என்று மனசுக்குள் சிரித்தான். கை நிறையக் கடல் தண்ணீரை அள்ளினான்.

"நீ பேரு சொன்ன ஆளு கையில கூறைக் குடுப்பேன். கடல் சாட்சி!"

சத்தியம் சொன்னதும் மூடுபனி விலகியது. உலகம்மை பாறையில் ஏறிக் கயிற்றைப் பிடித்தாள்.

இழுத்தார்கள். சூரியன் தென்னை உயரம் ஏறியது. மாயன் சொன்னான்: "பிள்ள, பங்கெல்லாம் எதுக்கு? கை நிறைய முத்துத் தாரேன், கயித்தை விட்டுட்டுப் போ."

"பிடிச்ச கயித்தை விடமாட்டேன்."

இழுத்தார்கள். சூரியன் பனை உயரம் ஏறியது. உலகம்மையின் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. "பிள்ள, ராஜாவோட அரண்மனையைவிடப் பெரிசா ஒரு அரண்மனை தாரேன், போயிரு."

"பிடிச்ச கயித்தை விடமாட்டேன்."

இழுத்தார்கள். கொப்புளம் உடைந்து கயிற்றில் ரத்தம் பட்டது. உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது, கண்ணில் நீர் முட்டியது. மாயன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "பிள்ள, உன் சிநேகிதி மாதிரியே ஒருத்தியைச் செஞ்சு தாரேன். அதே முகம், அதே நடை. ஆனா இவ்வளவு பேசமாட்டா."

உலகம்மை ஒரு கணம் யோசித்தாள். பொய் சொல்வானேன், யோசித்தாள்தான். பிறகு தலையை ஆட்டினாள்.

"பேசாட்டா அவ பேச்சியே இல்ல. பிடிச்ச கயித்தை விடமாட்டேன். இழுங்க அண்ணாச்சி!"

இழுத்தார்கள். வலை பாறை மேல் வந்து விழுந்தது. வெள்ளியைக் கொட்டியது போல மீன் குவிந்தது.

அப்போதுதான் உலகம்மைக்குப் பகீரென்றது. சாளை மற்ற மீனைப் போல இல்லை, தண்ணீரை விட்டு வந்தால் சீக்கிரம் செத்துப்போகும். அது மாயனுக்கும் தெரியும். அதனால் அவன் சாவகாசமாய் உட்கார்ந்து, ஒரு மீனை எடுத்து இங்கே போட்டான், தாடியைத் தடவினான், இன்னொரு மீனை எடுத்து அங்கே போட்டான், கொட்டாவி விட்டான்.

உலகம்மை கிழக்கைப் பார்த்துத் திரும்பி நின்றாள். திரும்பிப் பார்த்தால் வழக்கம் கெட்டுவிடும். பின்னால் மீன்கள் துடிக்கிற சத்தம் கேட்டது. அந்தத் துடிப்பில் ஒன்று பேச்சியுடையது. அழுகையைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு நின்றாள்.

கடைசியில் மாயன் ஒரு கூறைத் தொட்டான்.

"இது யாருக்கு?"

"உங்களுக்கு அண்ணாச்சி. நீங்களும்தானே இழுத்தீங்க."

மாயன் கண்ணைச் சிமிட்டினான். மற்றக் கூறில் கிடந்த பேச்சி சாளை சர்ரென்று வழுக்கி அவன் கூறுக்குள் வந்து விழுந்தது. இனி என்ன! அவன் பொங்கிவந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டாவது கூறைத் தொட்டான்.

"இது யாருக்கு?"

"பேச்சிக்கு!"

மாயன் திகைத்துப்போனான். "பேச்சிக்கா? அவ மீனு! அதுவும் இப்ப என் கூறுல கிடக்குத மீனு. மீனுக்கு ஏது பங்கு?"

உலகம்மை திரும்பினாள். "என் கூறு. நான் யாரு பேரைச் சொன்னா உங்களுக்கென்ன? அவ எங்க கிடந்தா எனக்கென்ன? பேரு சொன்ன ஆளு கையில குடுப்பேன்னு கடலைச் சாட்சி வச்சீங்க. குடுங்க."

"முடியாது!"

முடியாது என்றதும் பாறை ஒரு ஆட்டம் ஆடியது. கடல் ஏறி மாயனின் கணுக்காலை நனைத்தது. கடலைச் சாட்சி வைத்துவிட்டு ஏமாற்றினால் கடல் சும்மா இருக்குமா?

மாயன் பயந்துபோனான். அவசரமாய் ஒரு மந்திரம் முணுமுணுத்தான். அந்தச் சின்னச் சாளைக்கு இரண்டு பக்கமும் இரண்டு மனிதக் கைகள் முளைத்தன. கைகள் தரையைத் தட்டின. "இந்தா கை! குடுத்தாச்சு!"

"அண்ணாச்சி, ஒரு கூறு மீனு என்ன கனம் கனக்கும்? தோளில்லாத கை எப்படித் தூக்கும்?"

"அதெல்லாம் சத்தியத்துல இல்ல!" என்றான் மாயன். கடல் முழங்காலுக்கு ஏறியது. "சரி, சரி!" தோளும் கழுத்தும் முதுகும் வந்தன.

"தூக்கினா போதுமா? வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாமா? காலு எங்க?"

"பிள்ள, நீ என்னை மொட்டையடிக்கப் பாக்க!" கடல் இடுப்புக்கு ஏறியது. "சரி, சரி, சரி!" காலும் வந்தது. இப்போது பாறை மேல் பேச்சி நின்றாள், தலை மட்டும் சாளைத் தலை. செவுள் திறந்து திறந்து மூடியது. முன்னைவிட மெதுவாய்த் திறந்தது.

உலகம்மை அந்தச் செவுளைப் பார்த்தாள். அப்போதும் விடவில்லை.

"பங்கு வாங்கினவ 'வாங்கிக்கிட்டேன்'னு சொன்னாத்தான் குடுத்ததா அர்த்தம். அவ வாயைக் குடுங்க."

மாயன் ஓரடி பின்னால் நகர்ந்தான். வாயைக் கொடுப்பதற்கு ஒரே ஒரு மந்திரம்தான் உண்டு. அது அவனுடைய மூலமந்திரம். அதைச் சொல்லிவிட்டால் அத்தனை மந்திரமும் அவன் நாக்கிலிருந்து போய்விடும், பாறையும் நிற்காது. கடல் அவன் மார்புக்கு ஏறியது, தாடியை நனைத்தது. வேறு வழியில்லாமல் கண்ணை மூடிச் சொன்னான்.

"வாங்கிக்கிட்டேன்!" என்றாள் பேச்சி. "வாங்கிக்கிட்டேண்டி உலகு! ஏட்டி, அந்த வலைக்குள்ள என்ன நெருக்கடி தெரியுமா, ஒரு பாரை என் மேலேயே ஏறிப் படுத்துக்கிட்டான், மூச்சு முட்டி—"

உலகம்மை அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அழுவதற்கு நேரமில்லை. பாறை கரையத் தொடங்கியது. இருவரும் பேச்சியின் கூறை வாரி வாரிக் கட்டுமரத்தில் போட்டார்கள். அந்தக் கூறில் பால்சுறாவும் இருந்தது. மரம் விலகும்போது பாறை முழுசாய் மூழ்கிவிட்டது. மாயனின் கூறு அலையோடு போய்விட்டது. தாடியை நீருக்கு மேல் தூக்கிக்கொண்டு அவன் தத்தளித்தான். இத்தனை காலம் கடலில் இருந்தும் நீந்தத் தெரியாது. மந்திரம் இருக்கிறவன் நீச்சல் பழகுவானா?

உலகம்மை துடுப்பை நீட்டினாள். "பிடிங்க அண்ணாச்சி."

"இவனையா ஏத்துத?" பேச்சி கத்தினாள். "என்னைச் சாளையாக்கினவன்! குழம்பு வைக்க இருந்தவன்!"

"பிடிச்ச பிறகு திட்டிக்கோ. இப்ப அந்தப் பக்கம் கனத்துக்கு உக்காரு."

மாயன் ஏறி நடுவில் குறுகி உட்கார்ந்தான். சாதாரணக் கிழவனாகிவிட்டான். அவன் உள்ளங்கையிலும் கொப்புளம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "பிள்ள, முதல் கூறுக்கு ஏன் என் பேரைச் சொன்ன?"

"நீங்க இழுத்தீங்கள்ல."

 அவன் அழுதான். பேச்சி அதைப் பார்த்து, மீதியிருந்த திட்டை நாளைக்கு என்று வைத்துக்கொண்டாள்.

கடல்காற்று எழும்பிக் கட்டுமரத்தைக் கரைப்பக்கம் தள்ளியது. பாதி வழி வந்தபோது பேச்சி சிநேகிதியின் கையை எடுத்து, கிழிந்த தோலைப் பார்த்தாள்.

"ஏட்டி உலகு, உன் கூறுக்கு என் பேரைச் சொல்லிட்டியே. அவன் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிச்சிருந்தா நீ வெறுங்கையோட இல்ல கரையேறியிருப்ப?"

"நீ இல்லாம கரையேறினா, அதைவிட வெறுங்கை ஏதுட்டி?"

பேச்சி வாயைத் திறந்தாள். மூடினாள். அவள் ஆயுசில் முதல் தடவையாகப் பேச்சில்லாமல் துடுப்பை எடுத்து வலித்தாள். கரை வரைக்கும் அப்படியே வலித்தாள்.

அன்று மத்தியானம் சுறாப்புட்டு ஆனது, பால் ஊறியது, குழந்தை வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது. வலைமாயன் அந்தக் கரையிலேயே வலை இழுக்கிற ஆளாகத் தங்கிவிட்டான். இழுத்த நாளெல்லாம் அவனுக்கும் ஒரு கூறு விழுந்தது. ராஜா மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் தூங்கட்டும், நாமும் கதையைக் கரையேற்றி வைப்போம்.