தேவலோகத்து மரமும் துவரைச் செடியும்

கொண்டைக்குருவிகள் கூட்டமாகச் சண்டை போடும் சத்தத்தை வெள்ளியம்பலம் இளவயதில் சவ்வாது மலையில் கேட்டிருந்தார். ஒரு மரத்தின் கறுத்த பழங்களுக்காக அத்தனை கூச்சல். இப்போது தலை நரைத்துவிட்டது. கொன்றையூர் அரசர் மாறவேளைச் சிரிக்க வைப்பதுதான் அவருக்கு உத்தியோகம். அன்று காலை அரண்மனைத் தோட்டத்தில் அதே கூச்சல் கேட்டு நின்றார்.

தோட்டத்தில் யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை. குருவிகள் பழத்துக்குச் சண்டை போட்ட அரசரின் செல்ல மரம் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. துவரைச் செடிகளுக்கு நடுவே தானாக முளைத்த, பெயர் தெரியாத மரம். தோட்ட அதிகாரி கங்காதரர் அதைத் தேவலோகத்து மரம் என்று சொல்லிவிட்டார். அரசர் பூரித்துப்போனார். அதன் பக்கத்தில் புல்கூட நிற்கக் கூடாதென்று துவரையை எல்லாம் பிடுங்கவைத்து, சுற்றிலும் வெள்ளி வேலி போட்டார்.

"தோட்டக்காரி சடைச்சிதான் வேரில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றியிருக்கிறாள், அரசே" என்றார் கங்காதரர்.

"பெத்த பிள்ளை மாதிரி தண்ணி ஊத்தினேனே சாமி!" சடைச்சி அழுதாள்.

"நாளை மாலை இவள் வலது கையை வெட்டுங்கள்" என்றார் அரசர்.

வெள்ளியம்பலம் குனிந்து மண்ணைக் கிளறினார். மரத்தின் வேர், செத்துப்போன துவரை வேர் ஒன்றைக் கவ்விப் பிடித்திருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் துவரையைப் பிடுங்கச் சொன்னவர் அரசராயிற்றே! அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"அரசே, ஒரு மரத்துக்கு இத்தனை மரியாதை. தங்களுக்கு இல்லையே! நாளை ஒரு பகல் அதே மரியாதையைத் தங்களுக்கும் செய்ய உத்தரவு வேண்டும்."

அரசருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் சிம்மாசனத்தைச் சுற்றி வெள்ளி வேலி எழுந்தது. சமையல்காரர், விசிறி வீசுபவர், வெற்றிலை மடிப்பவர் எல்லாரையும் கோட்டைக்கு வெளியே துரத்தினார் வெள்ளியம்பலம். "தங்கள் பக்கத்தில் நிற்க இவர்களுக்கு என்ன தகுதி?"

அரசர் மீசையை முறுக்கிக்கொண்டார். சற்று நேரத்தில் வெற்றிலை வேண்டியிருந்தது. பிறகு தண்ணீர். வெயில் ஏறியதும் வயிறு கூவியது.

"யாரங்கே?"

"இங்கே யாரும் இல்லை, அரசே" என்றார் வெள்ளியம்பலம், வாசலிலிருந்து.

"ஓய்! பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கிறீரா?"

"அந்த மரமும் இதைத்தான் கேட்கிறது, அரசே. பாவம், அதற்கு வாயில்லை. அது சந்தன மரம். மலையில் அதன் பழத்தைத் தின்றிருக்கிறேன். பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்து உறிஞ்சித்தான் அது பிழைக்கும். பிடுங்கிப் போட்ட துவரைதான் அதன் சமையற்கட்டு. சடைச்சி என்ன செய்வாள்?"

அரசரின் முகம் சுருங்கியது. "என் மரம் போயும் போயும் ஒரு துவரைச் செடியிடமா திருடித் தின்கிறது?"

"திருட்டு என்று எப்படிச் சொல்வது, அரசே? வரி வாங்குகிறது."

அரசர் முறைத்தார். மீசை துடித்தது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் வெள்ளி வேலி ஆடியது.

"முதலில் எனக்குச் சோறு. பிறகு சடைச்சிக்கு விடுதலை, உமக்கு இந்த மோதிரம். கங்காதரரே, வேட்டியை மடித்துக் கட்டும். போய்த் துவரை விதையும்!"

அடுத்த மழையில் மரம் துளிர்த்தது. சடைச்சி அந்தத் தோட்டத்திலேயே வேலை பார்த்துக் கிழவியானாள். மரம் வைரம் பாய்ந்து மணக்கத் தொடங்குமுன் இறந்துபோனாள்.