சில்லை சொன்ன தீர்ப்பு

தினையூர் ராஜா செண்பகராயருக்குக் கொஞ்ச நாளாக வாய்க்கு ருசியாகச் சாப்பாடு கிடையாது. ராணிகள் இருவருக்குள்ளும் சண்டை. சண்டைக்குக் காரணம், கட்டைவிரல் அளவில் இரண்டு குருவிகள்.

பெரிய ராணி வளர்த்தது புள்ளிச் சில்லை. மார்பெல்லாம் மீன் செதில் மாதிரி புள்ளி. சின்ன ராணியுடையது கருந்தலைச் சில்லை. வெள்ளை வயிறு, தலையை மட்டும் மைக்கூட்டில் முக்கி எடுத்தாற்போல இருக்கும்.

"என் புள்ளிதான் நல்ல பாடகன்."

"அக்கா, உங்க புள்ளி பாடினதை அதைப் பெத்தவகூடக் கேட்டிருக்க மாட்டா."

மந்திரி அனந்தநம்பி தொண்டையைச் செருமினார். "க்கும்... மகாராஜா, ஊரில் எல்லார் குரலிலும் பேசுகிற விகடகவி கூத்தபிரான் தீர்ப்புச் சொல்லட்டும். யாராவது குறை சொன்னால் அவன் ஆசனம்... க்கும்... என் மருமகனுக்கு."

கூத்தபிரான் கணக்குப் போட்டுப் பார்த்தான். புள்ளி என்றால் சின்ன ராணி விடமாட்டாள். கருந்தலை என்றால் பெரிய ராணி. எப்படியும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சபைக்குக் கூண்டுகள் வந்தன. சில்லைகள் அலகைத் திறந்தன, தொண்டையைப் புடைத்தன, ஆடி ஆடிப் பாடின. சத்தம்தான் வரவில்லை. கூத்தபிரான் கூண்டோடு காதை ஒட்டிவைத்தான். கொசு தும்மினதுபோல ஏதோ கேட்டது, இரண்டிலும். அவன் முகம் மலர்ந்தது.

எழுந்தான். மந்திரியைப் போலவே "க்கும்" என்றான். கையை நீட்டி, கண்ணை மூடி, நெடுநேரம் உதட்டை அசைத்தான். ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. கும்பிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்னய்யா, ஒன்றும் கேட்கவில்லையே?" என்றார் ராஜா.

"பாட்டு எந்தக் குரலில் வந்ததோ அதே குரலில் தீர்ப்பும், மகாராஜா. பாட்டுக் கேட்டவர்களுக்குத் தீர்ப்பும் கேட்டிருக்கும்."

"எனக்குத் தெளிவாகக் கேட்டது. புள்ளி என்றார்," என்றாள் பெரிய ராணி.

"கருந்தலைன்னுதான் சொன்னார்," என்றாள் சின்னவள். பிறகு, 'பாவம், அக்காவுக்குக் காது மந்தம்' என்று இரக்கத்தோடு பார்த்தாள். அக்காவும் அதே இரக்கத்தோடு தங்கையைப் பார்த்தாள்.

"எனக்கு ஒன்றும் விழவில்லையே," என்றார் மந்திரி.

"அப்படியானால் ராணியம்மாமார் குருவிகள் பாடவே இல்லை என்கிறீர்களா, மந்திரியாரே?" என்றான் கூத்தபிரான்.

இரண்டு ராணிகளும் ஒன்றாகத் திரும்பினார்கள். வந்த செருமல் மந்திரியின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அன்று மத்தியானம் ராஜாவுக்கு இரண்டு வீட்டு விருந்து. கை கழுவியதும் கூத்தபிரானை ஓரமாக இழுத்தார்.

"உண்மையைச் சொல். என்னதான் சொன்னாய்?"

"'நல்லவேளை, எனக்கு ஒரே பெண்டாட்டி' என்றேன், மகாராஜா."

ராஜா மோதிரத்தைக் கழற்றி அவன் விரலில் போட்டார். வாயைத் திறந்தார், தொண்டையைப் புடைத்தார், ஆடி ஆடிச் சிரித்தார். சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்து அறையில் ராணிகள் இருந்தார்கள்.