எல்லைக்கல்லை வலம் வந்த அரசர்

முன்னொரு காலத்தில் மருதவளம் என்னும் நாட்டை விறல்மாறர் என்ற அரசர் ஆண்டுவந்தார். காலையில் ஒன்றை விரும்புவார். மாலையில் அதற்கு நேர்மாறானதை விரும்புவார். இரண்டையும் நிறைவேற்றுவது அமைச்சர் ஆராவமுதப் பிரமராயரின் பொறுப்பு.

அந்நாட்டில் துணையரசர் என்றொரு பதவி இருந்தது. அரசர் எல்லையைக் கடந்து வெளியே சென்றால், அவர் திரும்பி வரும்வரை துணையரசரே அரசர். அவர் சொல்லே சட்டம். அரசர் நாட்டுக்குள் இருக்கும்போது துணையரசருக்கு ஒரே வேலைதான். கழுத்தில் தொங்கும் வெண்கல மணியை ஆட்டிச் சபையைத் தொடங்க வேண்டும். மீண்டும் ஆட்டி முடிக்க வேண்டும். சிங்கராயர் என்பவர் பதினோராண்டுகள் இந்த அரும்பணியை ஆற்றினார். அரசரோ ஒருநாளும் எல்லையைக் கடக்கவில்லை. வெளியூர்த் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

ஆண்டுதோறும் எல்லைக்கல்லுக்குப் பூசை நடக்கும். அரசர் கல்லின் முன் நின்று பால் வார்த்து, மாலை சாத்தி, வணங்கித் திரும்புவார். அவ்வாண்டு சிங்கராயர் கண்களில் நீர் ததும்ப அரசரை நெருங்கினார்.

"அரசே, வலம் வராத பூசை அரைப் பூசை அல்லவா? கல்லின் மனம் நோகாதா?"

"அடடா! இத்தனை ஆண்டுகளாக இதை யாரும் சொல்லவில்லையே!" என்று உருகிய அரசர் கைகூப்பி வலம்வரத் தொடங்கினார். பிரமராயர் தடுப்பதற்குள் கல்லின் பின்புறம் போய்விட்டார். உலகை அளந்த பெருமாளுக்கே மூன்றடி தேவைப்பட்டது. உலகை இழக்க நம் அரசருக்கு ஒன்றரை அடியே போதுமாயிற்று.

கணகணவென்று மணி ஒலித்தது.

"அரசர் எல்லையைக் கடந்தார்! இனி நானே அரசன்! முதல் ஆணை: அரசரின் அனுமதியின்றி வெளியிலிருந்து எவரும் கல்லைத் தாண்டி உள்ளே வரக்கூடாது!" என்று முழங்கினார் சிங்கராயர்.

வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். பிறகு சட்டப்படி வேல்களை நீட்டினர்.

"அடேய், நான் இன்னும் பாதிச் சுற்றுதானே வந்திருக்கிறேன்!" என்று அலறினார் விறல்மாறர்.

"மீதியை நினைவில் சுற்றிக்கொள்ளுங்கள், அயல்நாட்டாரே!" என்றார் சிங்கராயர்.

விறல்மாறர் கோபித்துக்கொண்டு அப்பால் பத்தடி தள்ளி ஒரு பனைமரத்தடியில் அமர்ந்துவிட்டார். அரியணை போன துயரத்தோடு வெயில் வேறு.

பிரமராயர் புதிய அரசரை வணங்கினார். "வாழ்க மன்னர்! அரண்மனைக்குப் புறப்படலாம். ஒரு சிறு முறைமைதான் பாக்கி. துணையரசர் இல்லாத அரசர் கோட்டை வாயிலுக்குள் நுழையக் கூடாது. தங்கள் துணையரசர் யார்?"

சிங்கராயர் அவையோரைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை பேரும் நிமிர்ந்து நின்றனர். சேனாபதி மணியின் கனத்தைக் கண்ணால் எடைபோட்டார். புரோகிதர் அப்போதே கழுத்தை நீட்டினார்.

"பிரமராயரே, இவர்களில் ஒருவரையும் நம்ப முடியாது. எனக்கு நேர்ந்த நல்வாய்ப்பு இவர்களுக்கும் நேர்ந்துவிட்டால்?"

"அப்படியென்றால், நாட்டுக்குள் காலே வைக்க முடியாத ஒருவரை நியமியுங்கள். அவரால் தங்களுக்கு என்ன தீங்கு வரும்?"

"அப்படி யார் இருக்கிறார்?"

பிரமராயர் பனைமரத்தைக் காட்டினார்.

சிங்கராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவர் என் மணியாட்டியா! அழையும் அவரை!"

"வரமாட்டேன் போ!" என்று குரல் வந்தது.

"அரசர் தம் கையாலேயே மணியை மாட்டினால்தான் நியமனம் செல்லும். நாட்டையே பிடித்த தங்களுக்குப் பத்தடி தூரம் பெரிதா?" என்றார் பிரமராயர்.

பெரிதில்லைதான். சிங்கராயர் மார்பை நிமிர்த்திக் கல்லைக் கடந்து நடந்தார். "இந்தா, பிடி பதவியை!" என்று விறல்மாறரின் கழுத்தில் மணியை மாட்டினார்.

பிரமராயரின் குரல் உயர்ந்தது. "வீரர்களே, கேளுங்கள்! அரசர் சிங்கராயர் எல்லையைக் கடந்துவிட்டார். ஆகவே துணையரசர் விறல்மாறரே இப்போது அரசர்!"

"அவரும் வெளியேதானே நிற்கிறார்!" என்று பதறினார் சிங்கராயர்.

"நிற்கிறார். ஆனால் அவருக்குத் துணையரசர் இல்லை. பதவி போவதற்கு வேறு இடமில்லை."

விறல்மாறர் மணி ஒலிக்க எழுந்து வந்து வேல்களின் முன் நின்றார். "நான் உள்ளே வர எனக்கு நானே அனுமதி அளிக்கிறேன்," என்று கம்பீரமாகச் சொன்னார். வேல்கள் விலகின. சிங்கராயரும் பின்னாலேயே ஓடிவந்தார். வேல்கள் மீண்டும் நீண்டன.

"அரசே, அனுமதி! அனுமதி!"

"இவனை என்ன செய்யலாம், பிரமராயரே? வெயிலில் காயட்டுமா?"

"மாலை வரை காயட்டும். பிறகு உள்ளே அழைத்து, உடைந்து கிடக்கும் பெரிய ஏரிக்கரையை அடைக்கும் வேலையைக் கொடுங்கள். பதினோராண்டுகள் வேலையில்லாமல் மணியாட்டியவனுக்கு நாட்டைப் பிடிக்கும் எண்ணம் வந்ததில் வியப்பில்லை."

அரசர் வெட்கத்தோடு தலையசைத்து, தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தார். "துணையரசர் பதவியும் இனி உம்முடையதே," என்று மணியையும் கழற்றினார்.

பிரமராயர் இரண்டடி பின்வாங்கினார். "இப்போதைக்கு மாலை போதும், அரசே. மணியைக் கோட்டை வாயிலில் வாங்கிக்கொள்கிறேன். தாங்கள் இன்னும் எல்லைக்கல்லின் அருகிலேயே நிற்கிறீர்கள். முதலில் வீட்டுக்குப் போவோம்."