ஒட்டாத பூச்சு

மலையடிவாரத்து ஆசிரமத்தில் தண்ணீர்த் தொட்டி ஒழுகியது. சௌந்தரவல்லி இரண்டு முறை சிமெண்ட் பூசிப் பார்த்தாள். இரண்டு முறையும் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. கோடை முழுவதற்கும் அந்த ஒரு தொட்டிதான்.

அன்று காலை அவள் தங்கை கமலவேணி வந்திருந்தாள், பதினோரு வருடத்துக்குப் பிறகு. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, மதிய பஸ்ஸைப் பிடிக்கச் சாலைக்கு இறங்கிப் போய்விட்டாள்.

சௌந்தரவல்லி குருவைத் தேடிப் போனாள். குரு இருளாயி அம்மை அவளைவிடப் பத்து வயது இளையவர். துறவுக்கு முன் கட்டட வேலை செய்தவர். காலித் தொட்டிக்குள் இறங்கி நின்றிருந்தார்.

"அம்மா, தங்கைகிட்ட நான் ஒரு குறையும் சொல்லலை. சிரிச்சுப் பேசினேன். ஆனாலும் எங்களுக்குள்ள ஒட்டவே இல்லை. ஏன்?"

இருளாயி உளியை எடுத்து, வழவழவென்றிருந்த பழைய சுவரைக் கொத்த ஆரம்பித்தார். சில்லுகள் தெறித்தன.

"நல்லா இருக்கற சுவரைப் புண்ணாக்குறீங்களே!"

"கொத்தாம பூசினா பிடிக்காது."

கொஞ்ச நேரம் கொத்திவிட்டுக் கேட்டார்: "தங்கச்சி என்ன கேட்டாங்க?"

"அவ வீட்டுக்காரர் செத்தப்போ நான் ஏன் வரலைன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"பழசெல்லாம் எதுக்கு, விடுன்னேன்."

"ஏன் போகலை?"

சௌந்தரவல்லி தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அவ வளைகாப்புல, நீ பிள்ளையில்லாதவ, முன்னால நிக்காதேன்னு அவ மாமியார் என் கையைப் பிடிச்சு ஒதுக்கினாங்க. இவ பார்த்துக்கிட்டே இருந்தா."

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா அழுவா. அப்புறம் அவளும் கேட்பா. ஆறு மாசம் ஆஸ்பத்திரியில புருஷனோட ஒத்தையா கிடந்தவ. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை."

"பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றார் இருளாயி.

சௌந்தரவல்லி எழுந்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினாள்.

பஸ் வந்தது, போனது. அதற்குப் பிறகு சாலையிலிருந்து இரண்டு பெண்களின் குரல் மாறி மாறி உயர்ந்தது. ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி அழுதுகொண்டே கத்தினாள்.

சமையல் பார்க்கும் பூங்காவனம் பதறிப்போய்த் தொட்டியருகே ஓடி வந்தாள்.

"அம்மா, ரோட்டுல ரெண்டு பேரும் பயங்கரமா சண்டை போடுறாங்க! போய் விலக்கி விடட்டுமா?"

"வேண்டாம்" என்றார் இருளாயி. "ரெண்டு பேருக்கும் சோறு எடுத்து வை."